செட்டில்டு

காரைக்குடி செக்காலை ரோட்டில்
முதல் வங்கியில் கேட்டார்கள்:
மாசம் எவ்வளவு வரும்?
எந்த மாசம் சார், என்றேன்.
சிரித்தது நான் மட்டும்தான்.

தையில் வரும். வைகாசியில் நிறையவே வரும்.
ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்கு மூணு வளவுக்காரர்கள் கூப்பிடுவார்கள்;
இருப்பதோ ஒரு ஜெனரேட்டர்,
ரெண்டு பேரை இல்லையென்று அனுப்புவேன்.
மார்கழியில் அது தார்ப்பாய்க்குள்
கோபித்துக்கொண்ட மாடுபோல நிற்கும்.
இதையெல்லாம் ஒரு கட்டத்துக்குள் எழுதச் சொன்னார்.
கட்டம் என் சுண்டுவிரல் அகலம்.
உத்தேசமாக ஓர் எண் போட்டேன்.
உத்தேசம் செல்லாதாம்.

அப்புறம் திரையைப் பார்த்தார்.
தொள்ளாயிரத்துக்கு அறுநூற்றுப் பதினெட்டு.
பாஸ் மார்க்குத்தானே என்று
வாய்வரை வந்துவிட்டது.

மச்சான் பைக் வாங்கியபோது ஜாமீன் போட்டேன்.
பேர் அடைக்கலம்.
மூணு தவணை கட்டிவிட்டு சிங்கப்பூர் போனான்.
வண்டியை அவர்கள் தூக்கிப்போனார்கள், மீதிக்கு என்னை.
பேசிப் பேசி
எழுபத்திரண்டாயிரத்தை நாற்பதாக்கி
நானே கட்டினேன்.
அந்த ரசீதை மேசைமேல் வைத்தேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.
இதுதான் சிக்கலே, என்றார்.
உங்க பேருக்கு நேரா
'செட்டில்டு'ன்னு விழுந்திருக்கு.

பத்து வருஷமாக என் மாமனார்
கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்:
மாப்பிள்ளை இன்னும் செட்டில் ஆகலை.
அங்கேயே போன் போட்டுச் சொல்லத் தோன்றியது:
ஆயிட்டேன் மாமா,
கம்ப்யூட்டரே சொல்லுது,
அதனாலதான் வீடு கிடையாதாம்.

மூணாவதாகப் போனது ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ்.
கீழே பேக்கரி, மேலே கடன்.
ரெஜினா என்ற ஆபீசரம்மா ஆதாரம் கேட்டார்.
கம்பியில் குத்திவைத்த டீசல் பில்களைக் கட்டோடு நீட்டினேன்.
எழுத்தெல்லாம் பறந்து வெள்ளைத்தாள்.
எட்டு வருஷ உழைப்பு,
ஓரத்தில் பங்க்கின் பேர் மட்டும் லேசாக.
அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்,
வெள்ளையையும்.
தொழிலை நேர்ல பாக்கணும், என்றார்.

பள்ளத்தூர்க் கல்யாணத்துக்கு வந்தார்.
பந்தல் பக்கம் போகவில்லை.
பின்கட்டுச் சந்தில், புகைக்குள்,
வண்டியைச் சுற்றி வந்து
முந்தானை நுனியால் ஒரு சின்னக் கண்ணாடியைத் துடைத்தார்.
நான் துடைத்ததே இல்லை.
பன்னிரண்டாயிரத்து நானூற்று ஏழு மணி நேரம்.
நின்ன நேரமும் இதுல சேருமா?
இல்லைங்க. ஓடுனது மட்டும்.
மணிக்கு என்ன வாங்குறீங்க, டீசல் எவ்வளவு குடிக்கும்,
சத்தத்துக்குமேல் கத்திக் கத்திக் கேட்டார்.
கத்திக் கத்திச் சொன்னேன்.
போட்டோ எடுத்தார். அதிர்வில் எண் கலைந்தது.
மறுபடி எடுத்தார்.
உள்ளே கெட்டிமேளம்.
சாப்பிட்டுப் போங்க மேடம், என்றேன்.
லஞ்சமாயிரும், என்று
இந்தத் தடவை அவர் சிரித்தார்.

கேட்டது பதினாலு லட்சம். வந்தது ஒன்பது.
வட்டி பதிமூணே முக்கால்.
பொன்னழகு பிளானை வாங்கி
பேனாவால் ஓர் அறையை அடித்தாள்,
பலசரக்குச் சீட்டில் முந்திரியை அடிப்பதுபோல.
கையெழுத்துப் போட்டுப் போட்டுக்
கடைசிப் பக்கத்தில் என் பேர்
வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

கோட்டையூரில் ரெண்டே முக்கால் சென்ட் செம்மண்ணில்
வானம் தோண்டியாகிவிட்டது.

ராத்திரி புது வருஷத்து நாள்காட்டியை எடுத்து
வழக்கம்போல முகூர்த்த நாளையெல்லாம் வட்டமிட்டேன்.
ஆடியில் ஒன்றுகூட இல்லை.
அம்மன் கோயில்காரர்கள் வெளிச்சம் கேட்பார்கள்;
காசு கேட்டால் திருநீறு.
பென்சிலை வைக்கப் போனேன்.
பொன்னழகு வாங்கி
ஒவ்வொரு மாசத்திலும் அஞ்சாம் தேதியை வட்டமிட்டாள்.
பதினோராயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்து.
ஆடிக்கும் அஞ்சாம் தேதி உண்டு.
அதை மட்டும் ரெண்டு தடவை வட்டமிட்டாள்.